பூவைப் பற்றிப் பாடம் நடத்தியதால் வீதிக்கு வந்த வாத்தியார்: தெரியுமா?

ஒரு பூ எப்படிக் காயாகிறது? விஞ்ஞானப் புத்தகத்தில் எல்லாப் பிள்ளையும் படிக்கிற பாடம். சூலகம், மகரந்தம், வண்டு, காற்று என்று படம் வரைந்து பெயர் குறித்தால் புள்ளி கிடைத்துவிடும். இதே பாடத்தைப் பெண்பிள்ளைகள் இருந்த வகுப்பில் நடத்தியதற்காக ஒரு விஞ்ஞான ஆசிரியரை ஊரே சேர்ந்து தூற்றியது தெரியுமா? வேலையை விட வேண்டியதாயிற்று. குடியிருந்த வீட்டுக்குச் சொந்தக்காரர்களான இரண்டு வயதான சகோதரிகள், "இந்த ஆளுக்கு இனி இங்கே இடமில்லை" என்று வீட்டையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள்! இது நடந்தது பிரான்சின் அவிஞோன் நகரத்தில், 1870இல். அந்த ஆசிரியர் பெயர் ழான் ஹென்றி ஃபாப்ரே. பெரிய குடும்பம், கையில் காசில்லை. அப்போது அவருக்குக் கைமாற்றாக 3,000 பிராங்க் அனுப்பியவர் யார் தெரியுமா? சுதந்திரத்தைப் பற்றி உலகமே படிக்கும் புத்தகம் எழுதிய ஜோன் ஸ்டுவர்ட் மில்! மனைவியின் கல்லறைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று அவிஞோனில் வீடு வாங்கியிருந்த மில்லும் ஃபாப்ரேயும் செடி கொடி தேடிச் சேர்ந்து நடந்த கூட்டாளிகள்.

கடனை ஃபாப்ரே எப்படி அடைத்தார்? சிறுவர் புத்தகம் எழுதித்தான்!

அதற்கு முன்னால் அவர் வாழ்க்கையில் இன்னொரு இடி விழுந்திருந்தது. ஆசிரியர் சம்பளத்தில் காலம் தள்ள முடியாமல், மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரிலிருந்து சிவப்புச் சாயத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுக்கும் வழியை வருடக்கணக்கில் தேடிக் கண்டுபிடித்தார். நான்கு காசு பார்க்கப்போகிற நேரத்தில் ஜேர்மன் இரசாயனவியலாளர்கள் அதே சாயத்தை ஆய்வுகூடத்திலேயே செய்துவிட்டார்கள். 1869இல் அது சந்தைக்குப் போகும் வழி திறந்தது, செடி வளர்த்த விவசாயி, சாயம் எடுத்த ஃபாப்ரே எல்லோரும் கவிழ்ந்தார்கள். அதே 1869இல் இலங்கையில் என்ன நடந்தது என்று மலையகத்தில் இருக்கிற நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோப்பி இலையில் செம்மஞ்சள் துரு நோய் முதன்முதலாகக் கண்டது அந்த வருடம்தான். அங்கே சாயம் செத்தது, இங்கே கோப்பி சாக ஆரம்பித்தது. அங்கிருந்து ஒரு சிறுவர் எழுத்தாளர் வந்தார், இங்கே தேயிலை வந்தது!

ஃபாப்ரேயின் சிறுவர் புத்தகங்களில் பேர்போனது பவுல் மாமா தன் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகள். பிள்ளைகள் தேவதைக் கதை கேட்கிறார்கள், மாமா நிஜக் கதை சொல்கிறேன் என்கிறார். எறும்பு கட்டும் நகரத்தைச் சொல்லி, அடுத்ததாக எறும்புகள் வளர்க்கும் "மாடுகளை"ச் சொல்கிறார். எறும்புக்கு மாடா? செடியில் ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கும் அசுவுணிகள்தான் மாடு. எறும்பு உணர்கொம்பால் தட்டிக்கொடுத்தால் அவை இனிப்பு நீர் சுரக்கும். கேட்ட பிள்ளை அப்புறம் தேவதைக் கதை கேட்குமா?

பவுல் மாமா கதையில் வரும் எமில், ஜூல் என்ற பெயர்கள் ஃபாப்ரேயின் சொந்தப் பிள்ளைகளின் பெயர்கள். ஜூல் அப்பாவோடு பூச்சி தேடி அலைந்த பையன். பதின்ம வயதிலேயே இறந்துபோனான். தான் கண்டுபிடித்த குளவிகளுக்கு மகனின் பெயரை வைத்தார் தகப்பன். 

இந்த மனுஷன் செய்த சோதனைகளில் ஒன்றையாவது கேளுங்கள். பைன் மரத்தில் ஒருவகைக் கம்பளிப்புழு உண்டு. ஒன்றன் பின்னால் ஒன்றாக, முன்னால் போவது விட்ட நூலிழையைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போகும். 1896 ஜனவரி கடைசியில் அந்த வரிசையை ஒரு பெரிய பூச்சாடியின் விளிம்பில் ஏற விட்டு, தலையும் வாலும் சேர்ந்து முழு வட்டமானதும் மிச்சப் புழுக்களைத் துடைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார் ஃபாப்ரே. ஒரு மணித்தியாலம் சுற்றும், அப்புறம் ஏதாவதொன்று இறங்கிவிடும் என்று நினைத்தார். ஏழு நாள் சுற்றின! சாப்பாடு பக்கத்திலேயே இருக்கிறது, குளிர் வேறு. 1.35 மீற்றர் சுற்றளவுள்ள விளிம்பில் 335 தடவை, மொத்தம் 453 மீற்றர். நின்று கணக்குப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார். தலைவன் என்று ஒருத்தன் முன்னால் போகிறான், அவன் பின்னால் நாங்கள் போகிறோம் என்று ஒவ்வொரு புழுவும் நினைத்திருக்கும். வட்டத்தில் யார் தலைவன்? தேர்தல் காலத்தில் இந்தக் கதையைத் திரும்ப வாசிக்கலாம்.

சரி, பிரான்சுப் புழு கிடக்கட்டும். நோட்டன் பிரிட்ஜில் ஒரு தேயிலைச் செடியின் கவ்வாத்து வெட்டிய கிளையைக் கையில் எடுங்கள். குண்டூசி நுழைகிற அளவில் ஒரு துளை இருக்கிறதா? உள்ளே இருப்பவர் யார் தெரியுமா? ஒரு விவசாயி! இரண்டு மில்லிமீற்றர் கூட இருப்பாளோ என்னவோ, அந்தக் கறுத்த பெண் வண்டு மரத்தைத் துளைக்கிறாளே தவிர மரத்தைச் சாப்பிடுவதில்லை. வாய்ப் பக்கத்துப் பைக்குள் பூஞ்சண வித்தைப் பத்திரமாகக் கொண்டுவந்து, குடைந்த சுரங்கத்தின் சுவரில் விதைத்து, அது முளைத்ததும் அதைத்தான் தானும் தின்று பிள்ளைகளுக்கும் கொடுக்கிறாள். மனிதன் சேனை வெட்டுவதற்குக் கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்பே இந்த இன வண்டுகள் தோட்டம் போட்டுவிட்டன. தேயிலைத் தோட்டத்துக்குள் ஒரு பூஞ்சணத் தோட்டம்! தோட்டக்காரிக்குக் கங்காணியும் இல்லை, துரையும் இல்லை.

இந்த வண்டைக் கொல்லப் போய் ஒரு பெரிய கூத்து நடந்தது. அதற்கு முன் இன்னொரு ஆளை அறிமுகப்படுத்த வேண்டும். கொழுந்து இலைகளை நூலால் ஒட்டிச் சுருட்டி உள்ளே இருந்து தின்னும் ஒரு புழு நம் தேயிலையை முன்பு பாடாய்ப்படுத்தியது. 1935, 36இல் ஜாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது புழுவுக்குள் முட்டையிடும், பொரிக்கிற குஞ்சு புழுவை உள்ளிருந்தே தின்றுவிடும். கொடூரம்தான், ஆனால் மருந்தில்லாமல் புழு அடங்கியது. உலகத்தில் பூச்சியை வைத்துப் பூச்சியைப் பிடித்த வெற்றிக் கதைகளில் நம் தேயிலையும் ஒன்று தெரியுமா? பிறகு 1950, 60களில் துளை போடும் வண்டுக்கு டில்ட்ரின் மருந்து அடித்தார்கள். வண்டுக்கு அடித்த மருந்தில் குளவி செத்தது. குளவி செத்ததும் அடங்கிக் கிடந்த சுருட்டுப் புழு திரும்பவும் படையெடுத்தது! தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு விடுவித்த முடிச்சு இது. இதைவிடத் திருப்பம் உள்ள கதையை எந்தச் சினிமாக்காரன் எழுதுவான்? பவுல் மாமாவைப் போல ஒருவர் இதை நம் லயத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல உட்கார்ந்தால் ஒரு இரவு போதாது.

ஃபாப்ரே தனி ஆள் என்று நினைக்க வேண்டாம். விஞ்ஞான வகுப்பிலிருந்து சிறுவர் புத்தகத்துக்கு நடந்துபோனவர்கள் ஒரு பட்டாளமே உண்டு.

கரடிக்குட்டி வின்னி த பூவைப் படைத்த ஏ.ஏ. மில்ன் ஏழு வயதில் படித்த பாடசாலைக்கு விஞ்ஞான ஆசிரியராக வந்தவர் யார் தெரியுமா? காலயந்திரம் எழுதிய எச்.ஜி. வெல்ஸ்! லண்டன் கில்பேர்ன் பகுதியில் மில்னின் அப்பா நடத்திய சின்னப் பாடசாலை அது, 1889இல் அங்கே சேர்ந்தார் வெல்ஸ். வெல்ஸ் எழுதிய முதல் புத்தகங்களில் ஒன்று உயிரியல் பாடநூல். பின்னாளில் தரையில் பொம்மை அடுக்கி விளையாடும் முறையைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார், சின்னப் பிள்ளை ஒன்றுக்காகத் தானே படம் வரைந்து ஒரு கதைப்புத்தகமும் செய்தார். ஒரே கூரைக்குக் கீழ் செவ்வாய்க்கிரகத்துப் படையெடுப்பும் தேன்சட்டிக் கரடியும்!

அமெரிக்காவில் போஸ்டன் பல்கலைக்கழகத்தில் உயிர் இரசாயனவியல் கற்பித்த ஐசக் அசிமோவ் சிறுவர் நாவல் எழுதியபோது பெயரை மாற்றிக்கொண்டார். பால் ஃப்ரெஞ்ச் என்று. ஏன் தெரியுமா? அந்தக் கதைகளைத் தொலைக்காட்சியில் போடப்போகிறார்கள் என்ற பேச்சிருந்தது, கெடுத்துவிட்டால் தன் பெயர் நாறிவிடுமே என்ற பயம்! தொலைக்காட்சி கடைசிவரை வரவில்லை. நியூயோர்க்கில் 23 வருடம் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்த சீமோர் சைமன் 250க்கும் மேற்பட்ட சிறுவர் நூல்கள் எழுதினார், அதில் ஒன்று முழுக்க முழுக்கக் கடதாசி விமானம் விடுவதைப் பற்றியது. வங்கத்தில் தாகூரின் சாந்திநிகேதனில் விஞ்ஞானம் கற்பித்த ஜகதானந்த ராய், கோள்கள், பூச்சி புழு, பறவை, செடிகொடி என்று பிள்ளைகளுக்கு வரிசையாக எழுதித் தள்ளினார். தாகூரே 1937இல் விஞ்ஞானம் பற்றி ஓர் எளிய புத்தகம் எழுதினார் என்பது தெரியுமா? கோட்டயத்தில் கல்லூரியில் இரசாயனவியல் படிப்பித்த எஸ். சிவதாஸ் மலையாளப் பிள்ளைகளின் செல்ல எழுத்தாளர்.

நம் நாட்டிலும் கிட்டத்தட்ட ஓர் ஆள் உண்டு. யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் 1917இல் விஞ்ஞானம் கற்பித்த இளைஞர் மயில்வாகனம், பிறகு சுவாமி விபுலானந்தர் ஆனார். அவர் போன வழி சிறுவர் இலக்கியம் அல்ல, யாழ் நூல். ஆனால் நரம்புக் கருவியின் சுரங்களைக் கணக்குப் போட்டு அளந்த அந்தப் புத்தகத்தைப் பார்க்கிறவர்களுக்கு உள்ளே ஒரு விஞ்ஞான வாத்தியார் உட்கார்ந்திருப்பது தெரியும்.

இந்தப் பட்டாளத்தில் எனக்கு மிகப் பிடித்தவர் ஜப்பானில், இவாதே என்ற குளிர்ப் பிரதேசத்தில் இருந்தார். பெயர் மியாசாவா கென்ஜி. மண் இரசாயனவியல் படித்தவர், 1921 முதல் 1926 வரை ஹனமாகியில் ஒரு விவசாயப் பாடசாலை ஆசிரியர். வகுப்பறைக்குள் நிற்க மாட்டார். பிள்ளைகளை வயலுக்கும் ஆற்றுக்கும் கூட்டிப்போவார், அவர்கள் நடிக்க நாடகம் எழுதுவார். 1924இல் ஒரு சிறுவர் கதைத் தொகுப்பு வெளியிட்டார். விற்கவில்லை. வாழ்நாள் முழுக்க எழுத்துக்கு அவர் வாங்கிய கூலி எவ்வளவு தெரியுமா? ஐந்து யென்! ஒரே ஒரு கதைக்கு. 1933இல் 37 வயதில் நுரையீரல் நோயில் போய்விட்டார். இன்று ஜப்பானில் அவர் கதை தெரியாத பிள்ளை இல்லை, ஒரு சிறுகோளுக்கே அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அவருடைய ஆகப் பெரிய கதையில் ஒரு பையன் நட்சத்திரங்களுக்கிடையே ரயிலில் போகிறான். அந்தக் கதை எங்கே ஆரம்பிக்கிறது தெரியுமா? விஞ்ஞான வகுப்பில்! ஆசிரியர் வானப் படத்தைத் தொங்கவிட்டு, பால் கொட்டியதுபோலத் தெரிகிறதே, உண்மையில் அது என்ன என்று கேட்கிறார். கதைநாயகனுக்கு விடை தெரியும், அத்தனையும் நட்சத்திரம். ஆனால் வேலைக்குப் போய்க் களைத்து வந்த பையன், எழுந்து நின்றதும் வாய் வராமல் தடுமாறுகிறான். விடை தெரிந்தும் எழுந்து சொல்ல முடியாத பிள்ளையை அவர் தன் வகுப்பில் பார்த்திருக்க வேண்டும். காலையில் கொழுந்துக்குப் போகும் அம்மாவுக்குப் பதிலாகத் தம்பி தங்கையைத் தயார்ப்படுத்திவிட்டுப் பாடசாலைக்கு ஓடிவரும் பிள்ளைகளைப் பார்த்த எந்த மலையக ஆசிரியருக்கும் இந்தப் பையனை அடையாளம் தெரியும்.

1932இல் அவர் எழுதிய இன்னொரு கதையைக் கேட்டால் மயிர்க்கூச்செறியும். குளிரால் பயிர் விளையாமல் பஞ்சம். எரிமலைகளைக் கண்காணிக்கும் ஓர் இளைஞன், ஒரு தீவின் எரிமலையை வேண்டுமென்றே வெடிக்க வைக்கிறான். ஏன்? அதிலிருந்து வரும் காபனீரொட்சைட்டு வாயுவால் காற்று சூடேறி ஊர் பிழைக்கும் என்று! உலகம் சூடாகிறது என்று நாம் இன்று பதறுகிற விஷயத்தின் அடிப்படையை, 1932இல் ஒரு முன்னாள் ஆசிரியர் சிறுவர் கதைக்குள் வைத்துவிட்டார். அவருக்கு அது காப்பாற்றும் சூடு. நமக்கு இன்று வெயிலும் மழையும் மாறிவந்து கொழுந்தைக் கருக்குகிற சூடு. அதே வாயு!

அதோடு இன்னொன்று. வேலையை விட்ட பிறகு கென்ஜி விவசாயிகளுக்கு எந்த வயலுக்கு எவ்வளவு பசளை என்று இலவசமாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். கடைசியில் சுண்ணாம்புக்கல் மா விற்கும் கம்பனியில் சேர்ந்து, அமில மண்ணில் அதைப் போடுங்கள் என்று ஊர் ஊராக அலைந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டார். அவர் விரட்டப் பார்த்த அந்த அமில மண்ணை நம் தேயிலை என்ன செய்கிறது தெரியுமா? கொஞ்சி அழைக்கிறது! பெரும்பாலான பயிர்கள் முகம் சுளிக்கும் புளிப்பு மண்ணில்தான் தேயிலை செழிக்கிறது. அதற்காக அளவில்லாமல் புளிக்கவும் விடமுடியாது. யூரியாவும் அமோனியா உப்புகளும் போடப் போட மண் இன்னும் புளிக்கும். கவ்வாத்து முடிந்த மலைக்கு டொலமைட் தூவுவது எதற்கு என்று கேட்டால் தோட்டத்து ஆட்கள் "மண்ணுக்கு" என்பார்கள். அதே மண்ணுக்காகத்தான் கென்ஜி சாக்கும் மாதிரிக் கல்லும் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினார்.

இப்போது கொஞ்சம் தலையை நிமிர்த்துங்கள். மழை விட்ட விடியலில் நோட்டன் பக்கத்து மேட்டில் ஏறினால் கூம்பாக நிற்பது சிவனொளிபாதமலை, 2,243 மீற்றர். விஞ்ஞானம் படிப்பித்துப் பின் சிறுவருக்கு எழுதிய ஒரு வெள்ளைக்காரர் இந்த மலையை அப்படியே தூக்கி 800 கிலோமீற்றர் தெற்கே வைத்தார் தெரியுமா? ஆர்தர் சி. கிளார்க்! போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படையில் ரேடார் கற்பித்தவர். 1952இல் விண்வெளி நிலையத்துக்குப் பரிசுப் பயணம் போகும் பையனைப் பற்றி, 1963இல் டொல்பின்களோடு பேசும் தீவைப் பற்றி என்று சிறுவர் நாவல்கள் எழுதினார். 1956இல் இலங்கைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். பெரியவர்களுக்காக 1979இல் எழுதிய நாவலில் பூமியிலிருந்து வானத்துக்கு ஒரு லிஃப்ட் கட்டுகிறார். சுற்றும் பூமியோடு ஒட்டி நிற்க, 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதி, அதிலிருந்து தொங்கும் கம்பி. அதற்குப் பூமத்தியரேகையில் ஓர் உயரமான மலை வேண்டும். இலங்கை அங்கே இல்லையே? நாவலாசிரியருக்கு அது ஒரு பிரச்சினையா, தீவையே நகர்த்திவிட்டார்! மலைக்குப் பெயரையும் கொஞ்சம் மாற்றினார், ஆனால் வாசிக்கிற மலையகத்தானுக்கு அந்தப் படிக்கட்டு எது என்று உடனே விளங்கும்.

அந்த உச்சியில் இன்னொரு புதினம். சூரியன் எழும்போது மேற்கே விழும் மலையின் நிழலைப் பார்த்திருக்கிறீர்களா? அளவெடுத்து வெட்டியதுபோல ஒரு முக்கோணம். 1880களில் ரால்ஃப் அபர்குரோம்பி என்ற வானிலை ஆராய்ச்சியாளர் இதைப் பார்க்கவே மலையேறி, இங்கிலாந்தின் விஞ்ஞானச் சஞ்சிகையில் கட்டுரை எழுதினார். மலை கூம்பாக இருப்பதால் நிழலும் கூம்பு என்று நாம் நினைப்போம். அங்கேதான் விஷயம்! மலை கோணல்மாணலாக இருந்தாலும் உச்சியிலிருந்து பார்த்தால் நிழல் முக்கோணமாகத்தான் தெரியும். நிழல் அத்தனை கிலோமீற்றர் நீளம், ஹட்டன் ஸ்டேஷனில் நின்று பார்க்கும் தண்டவாளம் போலத் தூரத்தில் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகிறது. பருவகாலத்தில் நல்லதண்ணியிலிருந்து இரவிரவாக ஏறி, குளிரில் நடுங்கிக்கொண்டு உச்சியில் நிற்கிற பிள்ளைக்கு இந்த ஒரு பாடம் போதும், பார்வைக்கோணம் என்றால் என்னவென்று ஆயுளுக்கும் மறக்காது.

இவ்வளவு சந்தோஷக் கதைகளுக்கு நடுவில் ஒரு கசப்பானதையும் சொல்லத்தான் வேண்டும். தமிழில் விஞ்ஞான ஆசிரியர் சிறுவருக்கு எழுதுகிறார் என்றதும் பலருக்கும் ஞாபகம் வரும் பெயர் இரா. நடராசன். கடலூர்க்காரர், பாடசாலை ஆசிரியராயிருந்து தலைமையாசிரியர் ஆனவர். விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் விஞ்ஞானம் பேசவைத்த கதைகளுக்காக 2014இல் சாகித்திய அக்காதெமியின் பால சாகித்திய புரஸ்கார் வாங்கினார். ஆனால் ஊர் அவரைக் கூப்பிடுவது அந்தப் புத்தகத்தின் பெயரால் அல்ல. 'ஆயிஷா' நடராசன் என்றுதான்.

'ஆயிஷா' ஒரு முன்னுரை வடிவத்தில் எழுதிய கதை தெரியுமா? ஒரு விஞ்ஞான ஆசிரியை தான் எழுதிய விஞ்ஞானப் புத்தகத்துக்கு முன்னுரை எழுதுகிறார், ஏன் எழுத வந்தேன் என்று சொல்ல ஆரம்பிக்கிறார். காரணம் ஒரு மாணவி. காந்தத்தைப் பற்றி ஆசிரியையால் விடை சொல்ல முடியாத கேள்வி கேட்ட பெண். கேள்வி கேட்பதாலேயே வகுப்பு வகுப்பாக அடிவாங்குகிறவள், அடி வலிக்காமலிருக்க மரத்துப்போகும் மருந்து ஒன்றைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்துச் செத்துப்போகிறாள். கணையாழி குறுநாவல் போட்டியில் பரிசு பெற்ற கதை. சின்னப் பிரசுரமாகக் கைக்குக் கை மாறி ஆசிரியர் பயிற்சிக் கூடங்களிலெல்லாம் வாசிக்கப்பட்டது. என்னைக் கேட்டால் இது பிள்ளைகளுக்கு எழுதிய கதையே இல்லை, பிரம்பு பிடித்த கைக்கு எழுதியது. அதற்குப் பிறகுதான் நடராசன் பிள்ளைகளுக்கு அத்தனை புத்தகம் எழுதினார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தக் கற்பனை ஆசிரியையின் முன்னுரை எதற்கு முன்னுரை என்று விளங்கும்.

மலையகத்தில் விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை என்பது எந்தப் பெற்றோர் கூட்டத்திலும் எழும் பழைய முறைப்பாடு. இருக்கிற சேருக்கு ஐந்து வகுப்பு, பாடவிதானத்தை முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும். அவரைப் போய்க் கதை எழுது என்பது நியாயமா என்று கேட்பீர்கள். நியாயமில்லைதான். ஆனால் மேலே சொன்ன ஒருவருக்கும் ஓய்வு இருக்கவில்லை. அவர்கள் தூரப்போய்த் தேடவும் இல்லை. ஃபாப்ரேக்கு வீட்டுத் தோட்டத்துக் குளவி, கென்ஜிக்கு ஊர் மண். ஜன்னலுக்கு வெளியே கிடந்ததையே எடுத்தார்கள்.

நோட்டன் பிரிட்ஜில் ஜன்னலுக்கு வெளியே என்ன கிடக்கிறது தெரியுமா? தங்கம் தேடப் போன ஒருவர் தண்ணீரைக் கண்டுபிடித்த கதை! டி.ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் இந்த மஸ்கெலியாப் பள்ளத்தாக்கில் பொன் படிந்திருக்கிறதா என்று பார்க்க அனுப்பப்பட்டவர். பொன்னுக்குப் பதிலாக அருவி விழுவதைப் பார்த்துக் கணக்குப் போட்டார். 1918இல் இந்தத் தண்ணீரில் நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று கட்டுரை படித்தார். கேலி, இழுத்தடிப்பு, கோப்பு, மேசை, மறுபடி கோப்பு. மின்சாரத்துக்காகப் பேசவென்றே அரசாங்க சபைக்கும் போட்டியிட்டு வென்றார். லக்சபான இயங்கத் தொடங்கியபோது வருடம் 1950. முப்பத்திரண்டு வருடம்! அவர் உயிரோடிருந்து பார்த்தார், 1953இல் காலமானார். நோட்டனில் 1965இல் வந்த மின்நிலையத்துக்கு அவர் பெயர்தான்.

அங்கே ஓடும் ஒரு துளி எத்தனை தரம் வேலை செய்கிறது தெரியுமா? காசல்ரீ நீர்த்தேக்கத்தில் கிடக்கிற துளி மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இறங்கி நோட்டன் பிரிட்ஜில் விமலசுரேந்திர நிலையத்துச் சுழலியைச் சுற்றும். முதல் வேலை முடிந்தது. அதே துளி நோட்டன் அணைக்குள் விழும், அங்கிருந்து குழாயில் கீழே பாய்ந்து பழைய லக்சபான நிலையத்தைச் சுற்றும். இரண்டாவது. லக்சபானக் குளத்தில் மூச்சு விட்டுவிட்டுத் திரும்பவும் சுரங்கத்துக்குள், பொல்பிட்டியவில் மூன்றாவது முறை! மூன்று சம்பளம் தர வேண்டிய ஆளுக்கு ஒரு பெரட்டுப் பெயர் கூட இல்லை. அப்புறம் களனி கங்கை, கித்துல்கல. 1957இல் வந்த குவாய் நதிப் பாலம் படத்தில் தாய்லாந்து என்று காட்டிய ஆறு இதுதான்! ரயிலோடு பாலம் உடைந்து விழுந்தது இந்தத் தண்ணீரில்தான். அங்கிருந்து சமவெளிக்குப் போய், அம்பத்தளையில் இறைத்துச் சுத்திகரித்து, கொழும்பில் குழாயைத் திறக்கிறவரின் தேநீர்க் கேத்தலுக்குள் போகிறது. கேத்தல் கொதிக்கிற மின்சாரத்திலும், உள்ளே போடுகிற தூளிலும்கூட இந்த மலையின் பங்கு உண்டு!

இதைக் கதையாக எழுத உட்காருகிற சேருக்கு ஒரேயொரு தடங்கல். அணைக்கட்டுப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப்போவதென்றால் அணையைப் பராமரிப்பவர்களின் அனுமதி வேண்டும். அதிபர் கையொப்பத்தோடு ஒரு கடிதம், தரம், பிள்ளைகளின் எண்ணிக்கை, வரும் திகதி. முந்தைய தவணை முடிவதற்குள் கொடுத்துவிட்டால் மழை குறைந்த மாசியில், தண்ணீர் இறங்கி அணைச்சுவர் வெளியே தெரியும் நேரமாகப் பார்த்துப் போய்வரலாம்.